கிராணியாரின் கண் பாப்பா

"கொஞ்சம் அசையாம இருங்க, கிராணியாரே" என்று சொல்லிக் கத்தியைத் தூக்கிய ரெங்கசாமி, தூக்கிய கையை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டான்.

கதிரவேலுவுக்கு ஒரு கன்னம் மழமழவென்று இருந்தது. மறு கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"என்ன பாக்கிறாய்? கெதியா வழிச்சு விடு."

"அதில்லீங்க. செத்த வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க... அட, ஆமா! ஒங்க வலது கண்ணு பாப்பா பெருசா இருக்கு. இடது கண்ணு பாப்பா சின்னதா இருக்கு."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?"

ரெங்கசாமி கைக்கண்ணாடியை நீட்டினான். கதிரவேலு பார்த்தார். வலக்கண்ணின் நடுவில் மிளகு. இடக்கண்ணின் நடுவில் கடுகு. இத்தனை வருடமாக அதே முகத்தைப் பார்த்துத் தலை வாரிவந்த மனிதர், தன் கண்ணை அன்றைக்குத்தான் பார்த்தார்.

வேறு சமயமாக இருந்தால் அவர் இதற்கெல்லாம் அசைந்திருக்க மாட்டார். கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா உத்தியோகம். நல்ல யாழ்ப்பாணத்துக் குடும்பம். கள்ளுக்கடை இருக்கும் திசையில் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனால் அந்த நாட்களில் அவருடைய மனசு தோட்டத்தில் இல்லை, செரண்டா ரயில்வே ஸ்டேஷனில் இருந்தது.

தைப்பூசம் கழித்து ஒரு வேலையாக அவர் வடக்கே ரயிலில் போனபோது நடந்த சங்கதி அது. வண்டி புறப்படும் நேரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் குமாரசிங்கத்தின் தொப்பி காற்றில் பறந்து தண்டவாளத்தில் விழுந்தது. அவர் அதைத் துரத்திக்கொண்டு ஓட, தகப்பனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த மகள் வாகீஸ்வரி பச்சைக் கொடியை எடுத்து, சிரிப்பை அடக்க மாட்டாமல் குலுங்கிக் குலுங்கி ஆட்டினாள். வண்டி கிளம்பிவிட்டது. கதிரவேலுவின் மனசு அங்கேயே இறங்கிக்கொண்டது.

அன்றிலிருந்து தரகர் செல்லையா செரண்டாவுக்கும் தோட்டத்துக்குமாக நடையாய் நடக்கிறார். குமாரசிங்கம் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாப்பம், பாப்பம்" என்று இழுத்துக்கொண்டே இருந்தார். இந்த லட்சணத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது என்று கதை போனால் என்ன ஆகும்?

"ரெங்கசாமி, இது உன்னோடை இருக்க வேணும்."

"நம்ம வாய்லேர்ந்து ஒரு சொல்லு வெளிய போவாதுங்க. போனா என்னை ஏன்னு கேளுங்க."

அவன் பொய்யன் இல்லை. சொல்லாமல் இருக்க நிஜமாகவே பாடுபட்டான். ஆனால் அடுத்து வந்து உட்கார்ந்த ஆளின் கண்ணை அவன் உற்று உற்றுப் பார்க்க, அந்த ஆள் ஏன் என்று கேட்க, கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா? மத்தியானச் சோற்று வேளைக்குள் தொழிலாளர் குடியிருந்த லயம் முழுவதும் ஒருவர் கண்ணை ஒருவர் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதிரவேலு நேரே தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரெசர் சிவானந்தம் இருந்தார். இவருக்கு ஊர்க்காரர், சிநேகிதர், ஒரே குவார்ட்டர்சில் பாதி வீட்டுக்காரர். காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதில் சிவானந்தத்தை அடிக்க ஆள் கிடையாது. மற்ற வியாதிகளுக்கு ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் வைத்திருந்தார்.

லாம்பைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். புத்தகத்தைப் புரட்டினார். மறுபடி பார்த்தார்.

"மச்சான், பயப்பிடாதை" என்று ஆரம்பித்தார். வைத்தியம் தெரிந்தவர்கள் அப்படி ஆரம்பித்தால் தாராளமாகப் பயப்படலாம்.

"என்ன போட்டிருக்கு?"

"எல்லாம் நரம்புக் கோளாறாம். முதலாவது, மூளைக்குள்ளை கட்டி."

"ஐயோ! ரெண்டாவது?"

"ரெண்டாவதைக் கேளாதை. கலியாணம் பேசிற இடத்திலை அந்த வருத்தத்தின்ரை பேரே காதிலை விழப்படாது."

"நான் அப்பிடி ஆள் இல்லையடா!"

"எனக்குத் தெரியும். உன்ரை கண்ணுக்குத் தெரிய வேணுமே? வியாழக்கிழமை வெள்ளைக்கார டாக்டர் வருவார், காட்டுவம். அதுவரைக்கும் ஆரும் உன்ரை கண்ணைப் பாக்காமல் பாத்துக்கொள்."

அதற்கு ஒரே வழிதான் இருந்தது. சாயங்காலம் கதிரவேலு டவுனுக்கு நடந்து, மீரா முகைதீன் கடையில் கறுப்புக் கண்ணாடி ஒன்று கேட்டார்.

"இந்தாங்க. தொரைமாரு வாங்குற சாமான் லா, வெயிலுக்கு ஐஸ் மாதிரி இருக்கும்" என்று எடுத்துக் கொடுத்த மீரா முகைதீன், குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "இல்லே, அந்தப் பெரிய கண்ணுக்கா?"

கதிரவேலு மீதிச் சில்லறையை வாங்காமலே திரும்பிவிட்டார்.

தோட்டத்தில் விடிவதற்கு முன்பே ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். பெரட்டு என்று அதற்குப் பெயர். அந்த இருட்டில், லாந்தர் வெளிச்சத்தில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுநாள் கிராணியார் வந்து சேர்ந்தார். வரும் வழியில் ஒரு காலைச் சாக்கடைக்குக் கொடுத்தார். களத்துக்கு வந்து, ரப்பர் பால் பீப்பாயைப் பார்த்து விறைப்பாக நின்று, "குட் மார்னிங் சார்" என்றார். நிஜமான துரை பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

மண்டோர் முருகையா ஓடிவந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை ஆட்களையும் அதட்டி வேலை வாங்குகிற மனிதருக்குக் குரல் தழுதழுத்தது.

"நான் இருக்கேன், கிராணியாரே. மெதுவா வாங்க. எங்க பெரியப்பாவுக்கும் இப்பிடித்தான் போச்சு."

"என்ன போச்சு?"

"பார்வதான்."

அன்று சாயங்காலம் கிராணி வீட்டு வாசலில் திருவிழாக் கூட்டம். கட்டுக் கட்டாகப் பொன்னாங்கண்ணிக் கீரை வந்து இறங்கியது. நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் போட்டு ஒருத்தி கொண்டுவந்தாள். இடுப்பில் கைக்குழந்தையோடு வந்த இன்னொருத்தி, "தாய்ப்பாலு ரெண்டு சொட்டு விட்டா கண்ணு பளிச்சுன்னு ஆயிருங்க. படுங்க அப்பிடியே" என்றாள். கதிரவேலு உள்ளே ஓடிக் கதவைத் தாழிட்டார்.

கதவிடுக்கு வழியாகத் துரையின் செய்தியும் வந்து சேர்ந்தது: வியாழக்கிழமை டாக்டரிடம் காட்டு, கண் தெரியாத கிராணியை வைத்து நான் தோட்டம் நடத்த முடியாது. கண்ணை மறைக்கப்போய் உத்தியோகமும் ஆட்டம் கண்டது.

புதன்கிழமை தரகர் செல்லையா சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"கதிரவேலர், தேத்தண்ணிக்குச் சீனியைக் கூடப் போடச் சொல்லும்! ஞாயிற்றுக்கிழமை வருகினம்!"

"ஆர்?"

"ஆரோ! செரண்டாக் குமாரசிங்கத்தார், பெண்சாதி, தமக்கை எல்லாரும். உம்மைப் பாக்க!"

"இவ்வளவு நாளும் பிடிகுடுக்காத மனிசன் எப்பிடித் திடீரெண்டு?"

"எனக்கும் அதுதான் புதினம். நான் போய்க் கதைக்க வாய் திறக்க முதலே, 'மாப்பிள்ளையைக் கெதியாப் பாக்க வேணும்' எண்டிட்டார். உம்மைப் பற்றி என்னவோ நல்லதாக் கேள்விப்பட்டிருக்கினம். தாய்க்காரியின்ரை முகத்தைப் பாக்க வேணுமே, அப்பிடி ஒரு சந்தோசம்!"

கோயில் கூரைக்குத் தகரம் வாங்கிக் கொடுத்த தருமம் தலைகாத்தது என்று கதிரவேலு நினைத்துக்கொண்டார். அந்த நிமிஷமே மிளகும் கடுகும் ஞாபகம் வந்தன. கடவுள் கொடுக்கிறதையும் கண்ணுக்கு நேரே கொடுக்க மாட்டார் போலிருக்கிறது.

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். கதிரவேலுவை ஜன்னலோரம் உட்கார வைத்து வெளிச்சத்தைக் கண்ணில் காட்டினார், மறைத்தார், காட்டினார்.

"எந்தக் கண் உனக்குக் கவலை?"

"வலது கண், சார். பெரியது."

டாக்டர் சிரித்தார். "வெளிச்சம் பட்டதும் அது ஒழுங்காகச் சுருங்குகிறதே! அதன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. கண் பாப்பாவைச் சுருக்க ஒரு நரம்பு, விரிக்க ஒரு நரம்பு. விரிக்கும் நரம்பு கெட்டிருந்தால் பாப்பா சின்னதாகவே நின்றுவிடும். என் சந்தேகமெல்லாம் உன் சின்னக் கண் மேல்."

மூன்று நாளாக வலக்கண்ணுக்காக அழுதுகொண்டிருந்த கதிரவேலு, அழுகையை இடக்கண்ணுக்கு மாற்றிக்கொண்டார்.

டாக்டர் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். கொக்கெயின் கரைத்த தண்ணீர். இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டார். நல்ல நரம்பாக இருந்தால் இந்த மருந்துக்குப் பாப்பா விரியும். கெட்ட நரம்பாக இருந்தால் எவ்வளவு விட்டாலும் விரியாது. அவ்வளவுதான் சோதனை. போய்த் தாழ்வாரத்தில் உட்கார் என்று சொல்லிவிட்டு மற்ற நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

கண் இரண்டும் மரத்துப்போய்க் கதிரவேலு பெஞ்சில் உட்கார்ந்தார். சோறு வெந்ததா என்று மூடியைத் திறந்து பார்ப்பது போலச் சிவானந்தம் அடிக்கடி வந்து இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"பெரிசாகுதோ?"

"வலது பெரிசாகுது."

"அது முந்தியே பெரிசுதானே! இடது?"

"பொறு மச்சான், பொறு."

கதிரவேலு தெரிந்த தேவாரமெல்லாம் பாடி முடித்தார். தெரியாததையும் பாட ஆரம்பித்த சமயத்தில் சிவானந்தம் தொடையில் அடித்துக்கொண்டு கத்தினார். "இடதும் திறந்திட்டுதடா! சோடி வெத்திலை மாதிரி நிக்குது!"

டாக்டர் வந்து பார்த்துத் தலையாட்டினார். "நரம்பில் ஒரு குறையும் இல்லை. சிலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும். உனக்குப் பாதத்துக்குப் பதிலாகக் கண். பிறவியிலேயே இப்படித்தான் இருந்திருக்கும். துரையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், போய் வேலையைப் பார்."

கதிரவேலு வாசலில் நின்ற முருகையாவைக் கட்டிப்பிடித்துக் கறுப்புக் கண்ணாடியை அவருக்கே இனாமாகக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் முகம் பார்த்தார். இரண்டு பாப்பாவும் ஒரே அளவில், கருகருவென்று, ரவிவர்மாப் படத்துக் கண்கள் போல இருந்தன.

"இந்தக் கண்ணோடை ஞாயிற்றுக்கிழமை இருந்தால் போதுமடா!"

"மருந்து இண்டைக்கே விட்டிடும்" என்றார் சிவானந்தம்.

விட்டது. வெள்ளிக்கிழமை விடிந்தபோது பழைய மிளகும் பழைய கடுகும் திரும்பி வந்திருந்தன.

"டாக்டர் நோய் வருத்தமில்லை எண்டு சொன்னதை அவையளுக்குச் சொல்லிப் போடலாமே" என்றார் கதிரவேலு.

"பெண் பகுதிக்கு முன்னாலை மாப்பிள்ளை தானாகவே, 'எனக்கு வருத்தம் ஒண்டுமில்லை' எண்டு துவங்கினால் என்ன நினைப்பினம்?"

அதுவும் சரிதான். அந்தப் புட்டியை டாக்டர் பையோடு கொண்டுபோய்விட்டார். ஆனால் கண் நோவுக்கு விடுகிற அட்ரோப்பின் ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்தது. அதுவும் பாப்பாவை விரிக்கும் என்று புத்தகம் சொன்னது. அதற்கு மேல் புத்தகம் சொன்னதைச் சிவானந்தம் வாசிக்கவில்லை.

"சின்னக் கண்ணிலை மட்டும் ஒரு சொட்டு. ரெண்டும் சமன். முடிஞ்சுது அலுவல்."

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சொட்டு விட்டார்கள். ஞாயிறு காலை கதிரவேலு கண்ணாடியைப் பார்த்து அலறினார். வலக்கண்ணில் மிளகு அப்படியே இருந்தது. இடக்கண்ணில் கடுகைக் காணோம், கொட்டைப்பாக்கு இருந்தது.

"பதட்டப்படாதை. மற்றதிலையும் விட்டால் சமனாகும்" என்று சிவானந்தம் அடுத்த கண்ணிலும் விட்டார். சமனாகத்தான் ஆனது. மத்தியானத்துக்குள் இரண்டு கண்ணிலும் கொட்டைப்பாக்கு. கூடவே, கிட்டத்தில் இருப்பதெல்லாம் கஞ்சித் தண்ணீராகக் கலங்கியது. வெளியே வெயிலைப் பார்த்தால் ஊசி குத்தி நீராய்க் கொட்டியது.

அந்த வெயிலிலேதான் வாடகை வண்டி வந்து நின்றது.

கதிரவேலு கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டு வாசலுக்குப் போய், முன்னால் வந்த வெள்ளை உருவத்தைக் கும்பிட்டு, "வாங்கோ மாமி" என்றார். அது குமாரசிங்கம்.

குமாரசிங்கமும் மனைவி கமலாதேவியும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தமக்கை இரத்தினம்மா சுவரோரம் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தார். கமலாதேவி மகளின் போட்டோவை எடுத்து நீட்டினார். கதிரவேலு அதைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார், எட்டப் பிடித்தார், ஒன்றும் தெரியவில்லை. "நல்ல வடிவு" என்றார். போட்டோ தலைகீழாக இருந்தது.

"தம்பி, இப்பிடிக் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாருமன்" என்றார் குமாரசிங்கம்.

கதிரவேலு ஜன்னலுக்கு வந்து, எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு, கண்ணை நன்றாக அகட்டினார். கலங்கலாக இரண்டு முகங்கள் மிக அருகே வந்து அவர் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தன. வெகுநேரம் பார்த்தன.

"ரெண்டும் ஒரே அளவாயெல்லோ இருக்கு" என்று கமலாதேவி மெல்லச் சொன்னது கேட்டது.

"ஓம். ஒரே அளவுதான்" என்றார் குமாரசிங்கம்.

வென்றுவிட்டோம் என்று கதிரவேலுவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அந்தக் குஷியில், சிவானந்தம் கொண்டுவந்த தேநீரைத் தானே வாங்கிப் பவ்வியமாக மேசையில் வைத்தார். மேசை ஒரு சாண் தள்ளி இருந்தது. கோப்பை குமாரசிங்கத்தின் காலடியில் விழுந்து உடைந்தது.

கமலாதேவி பெருமூச்சு விட்டார். குமாரசிங்கம் வேட்டியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப நாங்கள் வெளிக்கிடுறம், தம்பி. பேந்து சொல்லி அனுப்புறம்."

யாழ்ப்பாணத்தார் கலியாணப் பேச்சில் "பேந்து சொல்லி அனுப்புறம்" என்றால், பிறகு வரவேண்டிய அந்தச் சேதி அந்த ஜென்மத்தில் வராது. கதிரவேலுவுக்கு அது தெரியும். குடிகாரன் என்று நினைத்துவிட்டார்கள், அல்லது குருடன் என்று. பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்த அந்தப் பெண் கண்முன் வந்தாள். அவள் மட்டும்தான் அப்போது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தாள். அவளை இழப்பதென்றால் உள்ளதைச் சொல்லியே இழக்கலாம் என்று முடிவு செய்தார்.

"நில்லுங்கோ மாமா! நான் குடிக்கிறவன் இல்லை. குருடனும் இல்லை. இது மருந்து. உங்களை ஏமாத்தத்தான் விட்டனான். என்ரை கண் பாப்பா ரெண்டும் ஒரே அளவில்லை. வலது பெரிசு, இடது சின்னன். பிறவியிலையே அப்பிடி. டாக்டர் மருந்து விட்டுச் சோதிச்சு, நரம்பிலை குறையில்லை எண்டு சொன்னவர். இந்தா நிக்கிறார் சிவானந்தம், கேளுங்கோ. மறைச்சது பிழைதான். உங்கட மகளைக் கலியாணம் செய்ய வேணும் எண்ட ஆசையிலை மறைச்சுப்போட்டன்."

சிவானந்தம் உடைந்த கோப்பையைப் பொறுக்குவது போலக் குனிந்துகொண்டார்.

"மெய்யாவோ?" என்றார் குமாரசிங்கம். "மெய்யாவே ஒண்டு பெரிசோ?"

"ஓம் மாமா."

"மருந்தின்ரை வேகம் விட்டால் திரும்பவும் அப்பிடியே வந்திடுமோ?"

"வந்திடும்... அதை மாத்த ஏலாது."

குமாரசிங்கம் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி, மேலே பார்த்துக் கும்பிட்டார். கமலாதேவி அழுதார், அழுதுகொண்டே கதிரவேலுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நாளைப் பாக்கச் சொல்லுங்கோ! இந்த மாசத்துக்குள்ளையே வைச்சிடுவம்!" என்றார்.

கதிரவேலுவுக்குத் தலைகால் புரியவில்லை. "மாமி... அப்ப உங்களுக்கு இது ஒரு குறையாப் படேல்லையோ?"

அதுவரை வாயே திறக்காமல் சுவரோரம் இருந்த இரத்தினம்மா, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"குறையோ? எங்கட வாகீஸ்வரிக்கு இடக்கண் பாப்பா பெரிசு எண்டு வந்த மாப்பிள்ளையெல்லாம் ஓடிட்டினம், ராசா; உமக்கு வலக்கண் பெரிசாம் எண்ட கதை ரயிலேறிச் செரண்டாவுக்கு வந்த பிறகுதான், அம்மாளாணை, நாங்கள் உம்மைப் பாக்கவே வெளிக்கிட்டனாங்கள்!"